மருந்துப் பஞ்சமும் பேச்சுப் பஞ்சமும்

ஒரு பெண் பூப்படைந்தால் நம்மவர் அதனை ஊருக்கெல்லாம் அறிவிக்கின்றனர். பந்தல் போடுவதும், மாமன் சீர் கொணர்வதும், மண்டபம் பிடித்து விருந்து வைப்பதும் இந்நாட்டில் இன்றும் நடைபெறுகின்றன. அவள் கருவுற்றால் வளைகாப்பு. மகவு ஈன்றால் பத்தியமும் பக்குவமும். ஆனால் அதே பெண்ணுக்கு ஐம்பது வயதையொட்டி மாதவிடாய் நின்றுபோகும் காலத்தில், உடன் வாழும் கணவனுக்குக்கூட அச்செய்தி எட்டுவதில்லை. வந்தபோது விழா, நின்றபோது மௌனம். அம்மௌனத்தால் விளையும் தீங்கு யாது, அக்காலத்துத் துன்பங்களுக்கென ஏற்பட்ட ஹார்மோன் மருந்து கைக்கு எட்டாதபோது ஒரு பெண் என்ன செய்யக்கூடும் என்பவற்றைக் குறித்து, நாம் பட்டும் படித்தும் அறிந்த சிலவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

மாதவிடாய் நிற்றல் நோயன்று; இயற்கையின் ஒழுங்கு. பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நேருகின்றது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வாராதிருந்தால் அது நின்றுவிட்டதென வைத்தியர் கொள்வர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னிருந்தே சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரப்பது ஏறியும் இறங்கியும் தடுமாறுகின்றது. மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதலமஸ் என்றொரு சிறு பகுதி உண்டு. உடலின் வெப்பத்தை நிதானப்படுத்துவது அதன் பணிகளுள் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் குறைந்தவுடன் அங்குள்ள சில நரம்பணுக்கள் கட்டு மீறுகின்றன. இயல்பாகப் பொறுத்துக்கொள்ளக்கூடிய அற்ப வெப்பத்தையும் அவை பெருவெப்பமென எண்ணித் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைப் பெருக்குகின்றன. முகமும் கழுத்தும் மார்பும் தீப்பட்டாற்போல் எரிந்து, சில நிமிடங்களில் உடல் குளிர்ந்து நடுங்குகின்றது. நம் வீடுகளில் ‘உடம்புச் சூடு’ என்று சொல்லப்படுவது இதுவே.

இத்துடன் உறக்கமின்மை, மூட்டுவலி, மறதி, காரணமற்ற கலக்கம், பிறப்புறுப்பின் வறட்சி ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை. சரவாக்கின் கூச்சிங் நகரில் நடுவயதுப் பெண்களை விசாரித்து 2010-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், மிகுதியாகச் சொல்லப்பட்ட துன்பம் மூட்டு, தசை வலியே. வெக்கை அதற்குப் பின்னரே வந்தது. ஆகவே முதுகு வலிக்கின்றது, முழங்கால் வலிக்கின்றது என்று மட்டும் சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நம் தாய்மார்களுட் பலர், தாம் எந்தப் பருவத்தைக் கடந்துகொண்டிருக்கின்றோம் என்பதை அறியாமலே கடந்துவிடுகின்றனர். இத்துன்பம் சில நாட்களில் தீர்வதுமன்று. அமெரிக்காவில் பல இனத்துப் பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியொன்று, வெக்கை அடிக்கடி காணும் பெண்களுட் பாதிப்பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கு மேலும் நீடிப்பதை 2015-இல் எடுத்துக்காட்டியது.

நம் அன்னையார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டும்; பெயர் கூப்பிடும்போது இல்லாதவருக்கு அன்றைய கூலி இல்லை. இரவில் மும்முறை எழுந்து, நனைந்த இரவிக்கையை மாற்றிவிட்டு, கண்ணயர்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம் விளக்கேற்றிச் சோறு வடிப்பார். கேட்டால், “எல்லாம் சூடு அம்மா, மோர் குடித்தால் போகும்” என்பார். தோட்டத்து டிரெசரிடம் போனால் தலைவலிக்குக் கொடுக்கும் வெள்ளை மாத்திரை கிடைக்கும். அவருக்கும் வேறொன்றும் கொடுக்க இல்லை. அன்னையாருக்கும் வேறொன்றும் கேட்கத் தெரியாது. ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒன்று மட்டும் மகிழ்ச்சியாகச் சொன்னார்கள்: “தீட்டு நின்றுவிட்டது, இனி எந்நாளும் கோயிலுக்குப் போகலாம்.” ஒரு பெண்ணின் உடலைத் தூய்மை, தூய்மையின்மை என்னும் இரண்டே கணக்கில் எழுதிவந்த சமூகத்துக்கு, அவ்வுடல் வலிக்கின்றதா என்று மூன்றாவது கணக்கு எழுதத் தோன்றவில்லை.

நமக்கும் 49-ஆம் வயதில் அப்பருவம் வந்தது. நாம் பிழைப்பது பாடம் சொல்லி. நாற்பது பிள்ளைகள் முன் நின்று பேசுகையில் சொல் தொண்டைக்கும் நாவுக்கும் இடையில் தொலைந்துபோகும். இரவு உறக்கமில்லாத கண்களுடன் விடைத்தாள் திருத்துவது இயலாதாயிற்று. வேலையை விட்டுவிடலாமா என்று எண்ணியதும் உண்டு. வைத்தியர் நம்மைச் சோதித்துப் பார்த்து, கையில் பூசிக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் மருந்தும், அதனுடன் இரவில் உட்கொள்ள ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். சில வாரங்களில் உறக்கம் திரும்பியது. மூன்றாம் மாதம் மருந்துக்கடையில், “சரக்கு வரவில்லை, எப்போது வருமென்று சொல்வதற்கில்லை” என்றார்கள். அடுத்த கடையிலும் அதே விடை. பதினைந்து நாட்களுக்குள் வெக்கை முன்போலவே வந்து சேர்ந்தது. அப்பொழுதுதான் நாம் இம்மருந்தின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

இப்பருவத்திற்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் ‘மெனோபாஸ்’ என்னும் பெயரைப் பிரெஞ்சு வைத்தியர் கார்டான் என்பவர் 1821-இல் நிலைநாட்டினார். 1942-இல் சினைக்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட பிரிமரின் என்னும் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966-இல் ஓர் அமெரிக்க வைத்தியர் இம்மாத்திரையைப் பெண்களின் இளமையைக் காக்கும் மருந்தெனப் புகழ்ந்து நூல் எழுத, விற்பனை பெருகியது. 1975-இல், ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனித்து உட்கொள்ளும் பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிகுகின்றதென ஆராய்ச்சிகள் வெளியாயின. அதன் பின்னரே, கருப்பையுள்ள பெண்களுக்கு அதைக் காக்கும் பொருட்டு இரண்டாவது ஹார்மோனையும் சேர்த்துக் கொடுக்கும் முறை நிலைபெற்றது.

அடுத்துப் பேரச்சம் பிறந்தது. 2002 ஜூலையில், 16,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்ட ஓர் அமெரிக்க ஆராய்ச்சி பாதியில் நிறுத்தப்பட்டது. இரு ஹார்மோன்களையும் உட்கொண்ட பெண்களுள் 10,000 பேருக்கு ஆண்டொன்றுக்கு மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும் கூடுதலாகக் கண்டது. இடுப்பெலும்பு முறிவோ 5 பேருக்குக் குறைந்திருந்தது. பத்திரிகைகள் எட்டையும் பத்தாயிரத்தையும் விட்டுவிட்டுப் புற்றுநோய் என்ற சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் போட்டன. அப்பெண்களின் சராசரி வயது 63 என்பதைப் பலர் கவனிக்கவில்லை. பின்னர் நிதானமாக ஆராய்ந்தபோது, 60 வயதுக்குட்பட்டவரும், மாதவிடாய் நின்று 10 ஆண்டுகள் ஆகாதவருமாகிய பெண்களுள், மருந்து கூடாதென்று சொல்லத்தக்க வேறு காரணம் இல்லாதவர்க்கு நன்மையே மிகுதி என்று வைத்திய சங்கங்கள் கருதலாயின. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகமும் இம்மருந்துகளுக்கு இட்டிருந்த கடும் எச்சரிக்கைகளுட் பெரும்பாலானவற்றை நீக்குவதாக அறிவித்தது. இடைப்பட்ட இருபதாண்டுகளில் எத்தனையோ வைத்தியர் இம்மருந்தை எழுதும் பழக்கத்தையே விட்டிருந்தனர்.

அச்சம் தணிந்தபின் வந்தது பஞ்சம். பிரிட்டனில் 2021-இல் இப்பருவத்தைப் பற்றித் தொலைக்காட்சியிலும் பாராளுமன்றத்திலும் வெளிப்படையான பேச்சு எழுந்தது. நாணத்தை விட்டுப் பெண்கள் மருந்து கேட்கத் தொடங்கினர். தயாரிப்போர் அத்தனை கேட்பை எதிர்பார்க்கவில்லை. 2022 ஏப்ரலில் பூசு மருந்து கடைகளில் இல்லாமற் போயிற்று. பெண்கள் தமக்குள் பண்டமாற்றுச் செய்துகொள்வதாகப் பத்திரிகைகள் எழுதின. அரசாங்கம் இதற்கென ஒரு தனி அதிகாரியை நியமித்ததோடு, சில மருந்துகளை ஒருவருக்கு மூன்று மாத அளவுக்கு மேல் கொடுக்கலாகாதென ஆணையிட்டது. பின்னர், ஒன்று இல்லாவிடத்து அதற்கீடான மற்றொன்றைக் கொடுக்க மருந்துக்கடையாருக்கு அதிகாரமும் வழங்கியது. இதில் நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. பிரிட்டனில் பஞ்சம் வெளிப்படக் காரணம், பெண்கள் கேட்டதே. கேட்போர் இல்லாத நாட்டில் மருந்துக்குப் பஞ்சம் வந்தாலும் அது பஞ்சமென்று ஒருவருக்கும் தெரிய வராது.

நிற்க. மருந்து இல்லையென்று கடைக்காரர் சொன்னபின் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, வைத்தியரிடம் திரும்பச் செல்லுதல். ஒரே ஹார்மோன் பூசு மருந்தாகவும், தோலில் ஒட்டும் பட்டையாகவும், மாத்திரையாகவும் வருகின்றது. ஒரு வடிவம் இல்லாவிட்டால் மற்றொன்று இருக்கக்கூடும்; அளவை மாற்றிக் கணக்கிட வைத்தியர் வேண்டும். பட்டையை நாமே நறுக்கிக்கொள்வதும், தோழியின் மருந்தைக் கடன் வாங்குவதும் கூடா. சிறப்பாக, கருப்பையுள்ள பெண் இரண்டாம் மருந்து கிடைக்கவில்லையென்று ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்வது ஆபத்து. 1975-இல் கற்ற பாடத்தை ஒவ்வொரு வீட்டிலும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஹார்மோன் அல்லாத மருந்துகள். மார்பகப் புற்றுநோய் கண்டு மீண்ட பெண்களுக்கு ஹார்மோன் பெரும்பாலும் கொடுக்கப்படுவதில்லை. அவர்கள் பொருட்டு நடந்த ஆராய்ச்சிகளின் பயன் இன்று மற்றவர்க்கும் கிடைக்கின்றது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லபாக்சின், எஸ்சிட்டலோபிராம், பராக்சிடின் போன்றவை குறைந்த அளவில் வெக்கையைத் தணிக்கின்றன. கபாபென்டின் என்னும் நரம்பு மருந்தை இரவில் உட்கொண்டால் உறக்கத்திற்கும் உதவும். இவை வெக்கையை அடியோடு போக்குவதில்லை. ஹார்மோனுக்குச் சமமும் அல்ல. ஆயினும் இரவில் ஆறுமுறை விழிப்பவர் மூன்றுமுறை விழித்தால் அது சிறிய லாபமன்று. தமாக்சிபென் உட்கொள்வோர் பராக்சிடினைத் தவிர்க்கவேண்டும். அம்மருந்தின் வேலையை இது கெடுக்கும். மனச்சோர்வு மாத்திரை என்றதும், “நமக்கென்ன பைத்தியமா?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்த சகோதரிகளை நாம் அறிவோம். ஒரே மாத்திரை இரு வேலை செய்யும் என்பதை அவர்க்கு எவரும் விளக்கவில்லை. 2023-இல் பெசோலினெடன்ட் என்னும் புதிய மருந்தும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டு மீறும் நரம்பணுக்களையே நேராக அடக்குவது அது. ஈரலுக்குத் தீங்கு நேரக்கூடுமாதலால் இரத்தச் சோதனையுடனேயே அதனை உட்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மருந்தே இல்லாத ஒரு வைத்தியம். லண்டனில் 140 பெண்களைக் கொண்டு நடத்தி 2012-இல் வெளியான ஆராய்ச்சியில், வெக்கை வரும்போது எழும் எண்ணங்களை மாற்றியமைக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. “எல்லாரும் பார்க்கிறார்கள், மானம் போகின்றது” என்னும் எண்ணம் வெக்கையின் வேதனையைப் பெருக்குகின்றது. “இது சில நிமிடத்தில் போய்விடும்; பார்ப்பவர் பார்க்கட்டும்” என்று பழகினால் வேதனை குறைகின்றது. வெக்கையின் எண்ணிக்கை குறையாவிடினும் அதன் கொடுமை குறைந்தது. கூட்டமாகப் பயின்றவரைப் போலவே, ஒரு கையேட்டை வைத்துக்கொண்டு நான்கு வாரங்கள் வீட்டில் தாமே பயின்றவரும் பயன் பெற்றனர். நாணமே நோயின் ஒரு பாதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? நாம் மருந்தின்றி இருந்த மாதங்களில் வகுப்பில் வெக்கை வந்தால், “ஆசிரியைக்கு வேர்க்கின்றது, சன்னலைத் திறங்கள்” என்று வெளிப்படையாகச் சொல்லப் பழகினோம். பிள்ளைகள் சன்னலைத் திறந்தார்கள்; பாடம் நடந்தது.

நான்காவது, எலும்பு. மேற்கூறிய மாற்று மருந்துகளுள் ஒன்றும் எலும்பைக் காப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் எலும்பு விரைவாகத் தேய்கின்றது. அன்றாடம் வேகமாக நடத்தல், படியேறுதல், அளவான சுமை தூக்கிப் பயிலுதல் வேண்டும். உணவில் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் அச்சத்து உண்டு. முள்ளுடன் தின்னும் நெத்திலியும், முருங்கைக்கீரையும், தவ்பூவும் நம் சந்தையிலேயே கிடைப்பன. வறட்சிக்கு நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்புத் தைலங்கள் மருந்துக்கடைகளில் உள்ளன. வைத்தியர் சீட்டும் வேண்டியதில்லை. வெக்கை காலப்போக்கில் தணியும். வறட்சி தானாகத் தணிவதில்லை. ஆகவே அதனைச் சொல்ல நாணித் தாம்பத்தியத்தையே வெறுத்தொதுக்கும் நிலை ஒரு பெண்ணுக்கும் வேண்டாம்.

இனி, விற்பனைச் சரக்குகளைப் பற்றி ஒரு சொல். மருந்து இல்லாத இடத்தில் தகர டப்பா வந்து நிற்கும் என்பது உலக வழக்கு. ‘பெண்மை காக்கும்’ மாவு, மூலிகை மாத்திரை, தேன் கலவை என்று நம் சகோதரிகளின் கைப்பணம் கரைகின்றது. “எனக்குக் குணமாயிற்றே!” என்று சாட்சி சொல்வோரும் பொய் சொல்வதில்லை. ஆராய்ச்சிகளில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்தாலும் வெக்கை மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ குறைந்ததாகப் பெண்கள் கூறுவது வழக்கம். நம்பிக்கையும், காலமும், தானே ஏறி இறங்கும் துன்பத்தின் இயல்பும் அதற்குக் காரணம். எனவே ஒரு சரக்கு உண்மையில் மருந்தா என்று அறிய, வெறும் மாத்திரையோடு அதனை ஒப்பிட்டார்களா என்று கேட்கவேண்டும். வட அமெரிக்க வைத்திய சங்கம் 2023-இல் இவ்வாறு ஒப்பிட்ட சான்றுகளை ஆராய்ந்து, மூலிகைச் சரக்குகளையும் சோயாச் சத்துகளையும் வெக்கைக்கு மருந்தாகப் பரிந்துரைக்கவில்லை. மோரும் இளநீரும் மின்விசிறியும் ஆறுதல் தருவன. அவற்றை விலக்கச் சொல்லவில்லை. ஆறுதலை ஆறுதல் விலைக்கு வாங்குக. மருந்தின் விலைக்கு வாங்கற்க என்பதே நம் வேண்டுகோள்.

எவ்வளவு பஞ்சமாயினும் பொறுக்கலாகாதவை சில உண்டு. மாதவிடாய் நின்று 12 மாதங்களுக்குப் பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். அது புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். படபடப்பும் உடல் மெலிவும் இருந்தால் தைராய்டு நோயா எனச் சோதிக்க வேண்டும். 45 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றவரும், சூலகங்களை அறுத்து எடுக்கப்பட்டவரும் மாற்று வழிகளோடு நின்றுவிடலாகாது. அவர்களுக்கு ஹார்மோன் வெறும் வெக்கை மருந்தன்று. எலும்புக்கும் இருதயத்துக்கும் காவல். இருப்பது சிறிதாயின் முதலில் அது அவர்களுக்கே சேர வேண்டும்.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவுரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே பெரியார் மலாயாவுக்கு வந்து நம்மவரிடையே பேசினார். அன்று முதல் நம் சீர்திருத்தக்காரர் குழந்தை மணத்தைப் பற்றியும் விதவையின் துயரைப் பற்றியும் எத்தனையோ பேசியாயிற்று. மணமகளைப் பற்றிப் பேசினோம். தாயைப் பற்றிப் பேசினோம். பிள்ளை பெறும் வேலை முடிந்த பெண்ணைப் பற்றி மட்டும் பேச மறந்தோம். பெண்ணின் பயன் பிள்ளைப்பேறே என்னும் பழைய எண்ணத்தின் வேர் நம் மேடைகளின் அடியிலும் ஓடிக்கொண்டிருந்தது போலும்.

ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இன்னும் முப்பதாண்டு வாழ்வு முன்னிற்கக்கூடும். அவள் ஆசிரியையாக, தாதியாக, கடைக்காரியாக, பாட்டியாக உழைப்பவள். அவள் இரவில் உறங்குவது வீட்டுக்கும் நாட்டுக்கும் ஆதாயம். ஆகவே நம் மாதர் சங்கங்கள் சமையற் போட்டிக்கும் கோலப் போட்டிக்கும் இடையே, ஆண்டுக்கொருமுறை ஒரு பெண் வைத்தியரை அழைத்து இதனைத் தமிழில் பேசச் செய்யவேண்டும். கூட்டத்திற்குக் கணவன்மாரும் வரவேண்டும். “ஏன் இவ்வளவு கோபம்?” என்று கேட்பதை விட்டு, “இரவு உறங்கினாயா?” என்று அவர்கள் கேட்கக் கற்றால் அதுவே பெரிய உதவி. மருந்துக்கடையில் சரக்கு இல்லையென்றால், இல்லையென்பதை வைத்தியரிடமும், சங்கத்திடமும், சட்டமன்றத்துக்கு நாம் அனுப்பிய பிரதிநிதியிடமும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மருந்து கப்பலேறி வரவேண்டியது. அதற்கு நாட்கள் ஆகலாம். பேச்சு நம் வீட்டிலேயே இருக்கின்றது; அதனை இன்றே எடுத்து வழங்கலாம்.